பூம்பாறையில் புகை, பெரியகுளம் சரிவில் தீ

போன வருஷம் மார்ச்சில் ஒரு காலை. ஆறரை மணி இருக்கும், கொடைக்கானல் மலையில் இருக்கும் எங்கள் ஊர் பூம்பாறையிலிருந்து சித்தப்பா போன் பண்ணினார். "பாப்பா, ஊரே என்னையத்தான் பேசுது" என்றார். அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. சித்திதான் போனை வாங்கி விஷயத்தைச் சொன்னார்.

முந்தின நாள் சாயங்காலம் சித்தப்பா வயல் மூலையில் பூண்டுத் தாளையும் காய்ந்த களையையும் கூட்டிக் குவித்துக் கொளுத்தியிருக்கிறார். வருஷா வருஷம் செய்வதுதான். ஒரு கட்டில் அகலம்கூட வராத குவியல். இருட்டுவதற்குள் குடத்துத் தண்ணீரை ஊற்றி அணைத்து, குச்சியால் கிளறிப் பார்த்து, கங்கு இல்லை என்று தெரிந்த பிறகுதான் வீட்டுக்கு வந்திருக்கிறார். விடிந்து பார்த்தால் பூம்பாறைப் பள்ளம் முழுக்கப் புகை. எதிர்ச்சரிவு வீடுகள் தெரியவில்லை. கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். யாரோ சித்தப்பா வயலின் கருகிய வட்டத்தைப் படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள், அதற்குக் கீழே ஆளாளுக்கு எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.

அறுபத்து நாலு வயது மனிதர். விதைப்பூண்டைக் கட்டுக் கட்டாகக் கட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு, புகை பட வைத்துத்தான் எங்கள் வீட்டில் அடுத்த நடவு வரை காப்பாற்றுவார்கள். எந்த விறகு, எவ்வளவு புகை, எத்தனை நாள் என்பதெல்லாம் அவருக்குக் கைப்பழக்கம். அவரைப் போய் ஊரைப் புகையால் மூடினவர் என்று சொன்னால் எப்படித் தாங்குவார்.

ஊர்க்காரர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். 2018 மார்ச் 11-ம் தேதி குரங்கணி மலையில் தீயில் சிக்கி 20 பேருக்கும் மேல் இறந்துபோனார்கள். அது எங்களுக்குத் தூரத்து ஊர் கிடையாது. அதற்குப் பிறகு மாசி, பங்குனியில் புகை வாசம் வந்தாலே இங்கே எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும். பயந்துபோனவர்கள் கண்ணில் முதலில் எது படுகிறதோ அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். அன்றைக்குக் கண்ணில் பட்டது சித்தப்பாவின் கருகிய வட்டம்.

நான் இருப்பது கொடைக்கானலில், நாயுடுபுரம் பக்கம். ஒரு தங்கும் விடுதியில் கணக்கு எழுதுகிறேன். அங்கே வந்து இறங்குகிறவர்கள் பெட்டியை வைப்பதற்கு முன்பே கேட்பது, "இன்னைக்கு வியூ தெரியுமா?" என்றுதான். கோக்கர்ஸ் வாக்கில் நின்றால் நல்ல நாளில் பெரியகுளமும் அதைத் தாண்டியும் தெரியும், கெட்ட நாளில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அவர்களுக்கு ஏதாவது உருப்படியாகப் பதில் சொல்ல வேண்டுமே என்றுதான் சாட்டிலைட் படம் பார்க்கப் பழகினேன். மேகமா, மூடுபனியா, கீழ்நாட்டுத் தூசிப் படலமா, புகையா என்று பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. யாரும் சொல்லித்தரவில்லை. தினமும் படத்தைப் பார்ப்பேன், அப்புறம் வெளியே போய் வானத்தைப் பார்ப்பேன், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று யோசிப்பேன். அவ்வளவுதான்.

நான் பார்ப்பது நாசாவின் வேர்ல்ட்வியூ என்கிற தளம். காசு கிடையாது, பதிவு செய்ய வேண்டியதும் இல்லை, போனிலேயே திறக்கும். 1999-ல் ஏவிய டெர்ரா, 2002-ல் ஏவிய அக்குவா என்ற இரண்டு சாட்டிலைட்டிலும் மோடிஸ் என்ற கருவி இருக்கிறது. அதற்குப் பின்னால் வந்த சுவோமி என்பிபி, நோவா-20, நோவா-21 மூன்றிலும் விர்ஸ் என்ற கருவி. டெர்ரா நம் தலைக்கு மேல் வருவது முற்பகலில். விர்ஸ் கருவிகள் வருவது பிற்பகல் ஒன்றரை மணியை ஒட்டி, திரும்ப நள்ளிரவு தாண்டி ஒன்றரையை ஒட்டி. இந்த நேரங்களை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வது ரொம்ப முக்கியம், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சரி, அந்தக் காலைக்கு வருகிறேன். போனை வைத்ததும் முதலில் இரவுப் படத்தில் தீப்புள்ளிகளை, அதாவது தரையின் சூட்டை வைத்துச் சாட்டிலைட் தீ என்று குறிக்கும் இடங்களை, போட்டுப் பார்த்தேன். இந்தப் புள்ளிகள் ஃபர்ம்ஸ் என்ற நாசா தளத்திலும் கிடைக்கும், சாட்டிலைட் கடந்து போன மூன்று மணி நேரத்துக்குள் ஏறிவிடும். ராத்திரி ஒன்றரை மணிப் புள்ளிகள் விடியும்போது தயாராக இருந்தன. பூம்பாறைமேல் ஒரு புள்ளிகூட இல்லை. கொடைக்கானலுக்குத் தெற்கே, மலை செங்குத்தாகப் பெரியகுளம் பக்கம் இறங்குகிற சரிவில் ஒன்பது புள்ளி, வளைத்துப் போட்ட சரடு மாதிரி. சரடு மாதிரி வந்தால் அது அநேகமாகப் புல்லிலும் சருகிலும் முன்னேறிப் போகும் தீயின் விளிம்பு. எரிந்து முடிந்த இடம் உள்ளே கறுப்பாகக் கிடக்கும், எரிகிற இடம் வெளி வளைவில் இருக்கும்.

ஆனால் அதை மட்டும் வைத்து யாரிடமும் பேச முடியாது. பெரியகுளம் சரிவில் தீ இருந்தால் என்ன, பூம்பாறைப் புகை சித்தப்பா வைத்ததாகவே இருக்கலாமே என்றுதான் கேட்பார்கள். கேட்க வேண்டியதும்தான். அப்போதுதான் முந்தின நாள் பிற்பகல் படத்தைத் திறந்தேன்.

அந்தப் படத்தை இன்னும் சேமித்து வைத்திருக்கிறேன். தெற்குச் சரிவில் ஒரு முனை, ஊசி முனை மாதிரி. அங்கிருந்து மேற்கும் வடமேற்குமாக விசிறி விரிவதுபோல் ஒரு நீலச்சாம்பல் படலம், கொடைக்கானல் ஏரி மேலே, பேரிஜம் மேலே, பூம்பாறை மேலே, மன்னவனூர் வரைக்கும் போகிறது. போகப் போக வெளிறிக் கரைகிறது. அந்தப் படலத்தின் ஊடாகக் கீழே இருக்கிற காடும் வயலும் மங்கலாகத் தெரிகின்றன. எடுத்த நேரம் பிற்பகல் ஒன்றரையைச் சுற்றி. சித்தப்பா தீக்குச்சி கிழித்தது சாயங்காலம் ஐந்து மணிக்கு.

அதாவது அவர் கொளுத்துவதற்கு மூன்றரை மணி நேரம் முன்பே பூம்பாறைத் தலைக்கு மேலே புகை வந்துவிட்டது.

அப்படியென்றால் பகலில் ஏன் யாருக்கும் தெரியவில்லை என்று எனக்கே சந்தேகம். யோசித்துப் பார்த்தால் அன்று மதியம் வானம் கொஞ்சம் வெளிறித்தான் இருந்தது, வெயில் பித்தளை நிறத்தில் அடித்தது, கோடை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தோம். பகலில் வெயில் பட்டுச் சரிவுகள் சூடாகும், சூடான காற்று சரிவைப் பிடித்து மேலே ஏறும், புகையையும் தூக்கிக்கொண்டு போகும். அது நம் தலைக்கு மேலே போகிறவரை மூக்குக்கு எட்டாது. பொழுது சாய்ந்ததும் எல்லாம் தலைகீழ். சரிவுகள் சீக்கிரம் குளிர்ந்துவிடும், அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப்போய், ஓடைத் தண்ணீர் மாதிரி பள்ளத்தைப் பார்த்து இறங்கும். பூம்பாறை ஒரு சட்டி மாதிரியான ஊர், நாலு பக்கமும் அடுக்கு வயல். ராத்திரி முழுக்க இறங்கின குளிர்காற்று புகையையும் கூட்டிவந்து சட்டியில் ஊற்றிவிட்டது. மேலே கொஞ்சம் சூடான காற்று மூடி போட்ட மாதிரி நின்றுகொள்ள, வெயில் ஏறிச் சரிவுகள் மறுபடி சூடாகிற வரை அது கிளம்பாது. அன்றும் பத்து மணி வாக்கில் தானாகக் கலைந்துபோனது என்று சித்தி சொன்னார்.

படத்தில் பூம்பாறை எங்கே என்று வட்டம் போட்டு, தீ இருக்கும் இடத்துக்கு ஒரு அம்புக்குறி போட்டு, நேரத்தை எழுதி ஊர்க் குழுவில் போட்டேன். உடனே ஒருவர், என் வயதுக்காரர்தான், கேட்டார்: "இதுல சித்தப்பா வயல் தீ ஏன் தெரியல? அப்ப இது சரியான படம்தானா?" நல்ல கேள்வி. நான் அதற்கு எழுதின பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கேயும் எழுதுகிறேன், இந்தப் படங்களைப் பார்க்கிற எல்லோருக்கும் தெரிய வேண்டியது என்பதால்.

விர்ஸ் தரும் ஒரு தீப்புள்ளி என்பது 375 மீட்டருக்கு 375 மீட்டர் கட்டம். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 35 ஏக்கர். மோடிஸ் புள்ளி ஒரு கிலோமீட்டர் கட்டம், 247 ஏக்கர். புள்ளியை வரைபடத்தில் வைப்பது அந்தக் கட்டத்தின் நடுவில். அதனால் புள்ளி யாருடைய தோட்டத்தின்மேல் விழுகிறதோ அவர் தோட்டத்தில்தான் தீ என்று அர்த்தமே இல்லை; கட்டத்துக்குள் எந்த மூலையிலும் இருக்கலாம். கட்டம் முழுக்க எரிய வேண்டும் என்பதும் இல்லை, ஒரு சிறு பகுதி கொழுந்துவிட்டு எரிந்தாலே அதன் சூடு கருவிக்குப் போதும். ஆனால் ஒரு கட்டில் அகலப் பூண்டுத் தாள் போதாது. அதோடு ஐந்து மணிக்கு இந்தச் சாட்டிலைட் எதுவுமே மேலே இல்லை. ஆகவே இந்தப் படம் சித்தப்பா தீ வைக்கவில்லை என்று சொல்லவில்லை. வைத்தார், அவரே சொல்கிறாரே. ஊரை மூடின புகை அதற்கு முன்பே கிளம்பிவிட்டது என்பதை மட்டும்தான் சொல்கிறது. இந்த வித்தியாசத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன், ஏனென்றால் நாளைக்கு யாரோ ஒருவர் இதே மாதிரி ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டி ஒரு ஏழை விவசாயியை மாட்டிவிட முடியும். தகரக் கூரையும் உலை எரியும் ஆலையும்கூடச் சில சமயம் புள்ளியாக விழும். மேகம் மூடினால் பெருந்தீயும் விழாது.

நேரம் முக்கியம் என்றேன் அல்லவா. பஞ்சாப், ஹரியானாவில் நெல் அறுத்த தாளை எரிப்பதைப் பல வருஷமாக இந்தப் பிற்பகல் ஒன்றரை மணிப் புள்ளிகளை எண்ணித்தான் கணக்கிட்டு வந்தார்கள். 2024-ல் எண்ணிக்கை நன்றாகக் குறைந்ததுபோல் தெரிந்தது, ஆனால் புகை குறையவில்லை. நாசாவில் வேலை செய்யும் ஹிரேன் ஜெத்வா என்ற விஞ்ஞானி, பத்து நிமிஷத்துக்கு ஒரு படம் எடுக்கும் தென்கொரியாவின் ஜியோ-கோம்ப்சாட்-2ஏ சாட்டிலைட்டை வைத்துப் பார்த்து, எரிப்பது ஒன்றரை மணியைத் தாண்டிப் பின்மதியத்துக்கு நகர்ந்துவிட்டது என்று காட்டினார். ஒரு நாளைக்கு ஒரே நேரத்தில் வந்து எட்டிப் பார்க்கிறவருக்கு மற்ற நேரத்தில் நடப்பது தெரியாது.

இதற்காகத்தான் நான் இன்சாட் படங்களையும் சேர்த்துப் பார்ப்பது. நம் இஸ்ரோ 2016-ல் ஏவிய இன்சாட்-3டிஆர், 2024 பிப்ரவரியில் ஏவிய இன்சாட்-3டிஎஸ் இரண்டும் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இந்தியாவையே பார்த்தபடி நிற்பவை. அவ்வளவு தூரத்திலிருந்து எடுப்பதால் படம் சொரசொரப்பாக இருக்கும், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு கிலோமீட்டர்தான் நுணுக்கம். ஆனால் அரை மணிக்கு ஒரு படம். காலை எட்டு மணியிலிருந்து வரிசையாக ஓட்டிப் பார்த்தால் புகை எந்தப் பக்கம் நகர்கிறது என்பது கண்ணெதிரே தெரியும். ஒற்றைப் படத்தில் இது மேகமா புகையா என்று குழம்பினாலும், ஓட்டிப் பார்க்கும்போது மேகம் பிறந்து கலைந்து மறுபடி பிறக்கும். புகை ஒரே முனையில் ஒட்டிக்கொண்டு வால் மட்டும் அசையும்.

மூடுபனியையும் புகையையும் பிரிப்பது இன்னும் சுலபம். விடிகாலை மூடுபனி வெள்ளை வெளேர் என்று, ஓரம் வெட்டினாற்போல, பள்ளத்தாக்குகளுக்குள் கிளைவிட்ட மாதிரி படுத்திருக்கும், அதன் வழியாகத் தரை தெரியாது. புகைக்கு ஓரமே இருக்காது, நீலம் கலந்த சாம்பல் நிறம். புகைத்துகள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சின்னது, அதனால்தான் அந்த நீலம். அகச்சிவப்பு ஒளியில் எடுத்த படத்துக்கு மாற்றினால் இவ்வளவு சின்னத் துகளை அந்த நீள அலைகள் கண்டுகொள்ளாமல் கடந்துவிடும், புகை காணாமல் போய் அடியில் இருக்கும் தீ பளிச்சென்று தெரியும். மேகம் அப்படிக் காணாமல் போகாது.

காற்றுத் திசையில்தான் நான் ரொம்ப நாள் தப்பு செய்துகொண்டிருந்தேன். விண்டி போன்ற தளங்களில் திறந்ததும் காட்டுவது தரைமட்டக் காற்று. நாம் இருப்பது 7,000 அடி, அதாவது 2,100 மீட்டர் உயரத்தில். புகை பயணம் செய்வதும் அந்த உயரத்திலோ அதற்கும் மேலேயோதான். அங்கே உயரத்தை மாற்றும் பட்டை ஒன்று இருக்கும், அதை 800 ஹெக்டோபாஸ்கல் என்ற காற்றழுத்த அளவுக்கு, கிட்டத்தட்ட 2,000 மீட்டருக்கு நகர்த்திவிட்டுப் பார்க்க வேண்டும். முதல் தடவை அப்படி மாற்றினபோது அம்புகள் வேறு பக்கம் திரும்பின, அதுவரை பார்த்ததெல்லாம் கீழ்நாட்டுக் காற்று என்று அப்போதுதான் புரிந்தது. சித்தப்பா விஷயத்தில் தரைக்காற்றை மட்டும் பார்த்திருந்தால் நானே அவரைச் சந்தேகப்பட்டிருப்பேன்.

புகை வந்த வழியைப் பின்னோக்கிப் பிடிக்க அமெரிக்காவின் நோவா அமைப்பு ஹைஸ்ப்ளிட் என்று ஒன்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இடத்தையும் நேரத்தையும் உயரத்தையும் கொடுத்தால் அந்தக் காற்று முந்தின மணி நேரங்களில் எங்கிருந்து வந்தது என்று கோடு போட்டுத் தரும். மலைப் பிரதேசத்தில் அதை முழுசாக நம்ப முடியாது, நம் ஓடையும் மடிப்பும் அதன் கட்டங்களுக்குள் அடங்காதவை. தொலைதூரப் புகைக்கும் தூசிக்கும்தான் அது நன்றாக வேலை செய்கிறது.

தூசி என்றதும் நினைவு வருகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்கிறோம், ஆனி ஆடியில் அரபிக் கடல் படத்தைப் பார்த்தால் அதைவிடப் பெரிய சங்கதி நடந்துகொண்டிருக்கும். ஈராக்கிலிருந்தும் அரேபியப் பாலைவனத்திலிருந்தும் வடமேற்குக் காற்று கிளப்பிய மணல்தூசி, கடலுக்கு மேலே பழுப்பு ஆறாக ஓடுகிறது, நம் பருவமழைக் காற்றின் ஈரப்படலத்துக்கும் மேலே வறண்ட காற்றில் ஏறிக்கொண்டு. கடல் இருட்டான பின்னணி என்பதால் அங்கே தூசி எடுப்பாகத் தெரியும், நிலத்துக்கு மேலே வந்ததும் செம்மண்ணோடு கலந்து கண்ணுக்குத் தப்பிவிடும். அப்போது புற ஊதா ஒளியில் பார்க்கும் கருவிகள்தான் கைகொடுக்கும். தூசியும் புகையும் புற ஊதாவை விழுங்கும், மேகம் விழுங்காது, அதனால் மேகத்துக்கு மேலே தூசி பறந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். 2017-ல் ஏவிய சென்டினல்-5பி சாட்டிலைட்டில் அப்படி ஒரு கருவி இருக்கிறது. ராத்திரியில் தூசியைப் பார்க்க வேறு வழி: 11 மைக்ரான், 12 மைக்ரான் என்று இரண்டு அகச்சிவப்பு அலைகளில் அளந்த வெப்பத்தைக் கழித்துப் பார்ப்பார்கள். பனித்துகள் மேகத்துக்கு வித்தியாசம் ஒரு பக்கம் போகும், மணல்தூசிக்கு மறுபக்கம் போகும். இவ்வளவு எளிய ஒரு கழித்தல் கணக்கில் கடல் தாண்டி வரும் பாலைவனத்தைப் பிடித்துவிடலாம் என்று படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் அப்சர்வேட்டரிக்கும் இந்தக் கதைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1883 ஆகஸ்ட் கடைசியில் கிரகட்டோவா எரிமலை வெடித்தது, சாம்பலும் கந்தகப் பனியும் உலகத்தைச் சுற்றின. செப்டம்பரில் சென்னையில் சூரியன் பச்சை நிறத்தில் தெரிந்தது. அப்போது சென்னை கிறித்துவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த மிச்சி ஸ்மித் அந்தப் பச்சைச் சூரியனைக் கருவி வைத்துப் பார்த்துப் பதிவு செய்தார். அதே மிச்சி ஸ்மித்தான் பின்னால் கொடைக்கானலில் சூரிய ஆய்வகத்தைக் கொண்டுவந்தவர், 1901-ல் வேலை தொடங்கியது. சாட்டிலைட்டும் இல்லை, இணையமும் இல்லை. மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் தூரத்துக்கு எந்தச் செய்தி வரும்? சூரியன் நிறம் மாறினதுதான் செய்தி. அந்தக் குவிமாடங்களைக் கடந்து வேலைக்குப் போகும்போதெல்லாம், பித்தளை நிற வெயில் அடித்த அந்த மார்ச் மதியத்தை நான் ஏன் கவனிக்காமல் விட்டேன் என்று தோன்றும்.

சரி, ஊர் விஷயம். நான் படம் போட்ட பிறகு குழுவில் கொஞ்ச நேரம் யாரும் எழுதவில்லை. பிறகு பெரியகுளத்தில் மகளைக் கட்டிக்கொடுத்திருக்கும் ஒரு பெரியம்மா, மகளிடம் கேட்டுவிட்டு, அங்கே நேற்றிலிருந்தே மலையில் தீ தெரிவதாகக் குரல்செய்தி அனுப்பினார். அதுதான் முடித்துவைத்தது. என் படம் பாதி வேலை செய்தது, அந்தக் குரல் மீதியைச் செய்தது. கருகிய வட்டப் படம் போட்டவர் அதை அழித்துவிட்டார். மன்னிப்பெல்லாம் யாரும் கேட்கவில்லை, ஆனால் சாயங்காலம் இரண்டு பேர் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போனார்களாம்.

நாலு நாள் கழித்து சென்டினல்-2 படம் வந்தது. ஐரோப்பியர்களுடைய சாட்டிலைட், கோப்பர்னிக்கஸ் தளத்தில் இலவசம், ஐந்து நாளுக்கு ஒரு முறை வரும், ஆனால் பத்து மீட்டர் நுணுக்கம். ஒரு கட்டம் இரண்டரை சென்ட் நிலம் என்று சித்தப்பாவுக்குச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. லேப்டாப்பைத் திண்ணையில் வைத்து அவருடைய அடுக்கு வயலைக் காட்டினேன். ஒவ்வொரு படியையும் விரலால் தொட்டு, இது கேரட், இது சும்மா கிடக்கு, இது உன் அப்பா பங்கு என்று சொல்லிக்கொண்டே போனார். அப்புறம் தெற்குச் சரிவுக்கு நகர்த்தினேன். தீ ஓடின இடம் கருஞ்சிவப்பாக, ஒரு பெரிய கை விரல் விரித்த மாதிரி கிடந்தது. சித்தப்பா விரலை எடுத்துவிட்டார். "எம்புட்டு உசுரு இருந்துச்சோ அதுல" என்றார்.

அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு. டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனம் சாட்டிலைட் தீப்புள்ளிகளைக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது, பொதுமக்களும் பதிந்துகொள்ளலாம். என் நம்பரையும் சித்தப்பா மகன் நம்பரையும் பதிந்திருக்கிறோம். புகை வாசம் வந்தால் சித்தப்பா தினசரி காலண்டரின் கிழித்த தாளில், பின்பக்கத்தில், நேரமும் எந்தப் பக்கக் காற்று என்பதும் என்ன வாசம் என்பதும் எழுதி வைப்பார். பூண்டுத் தாள், காய்ந்த புல், தைலமரம், பைன், குப்பை எல்லாம் அவர் மூக்குக்குத் தனித்தனி. வாரக் கடைசியில் நான் போய்ப் படங்களோடு ஒப்பிடுவேன். முப்பதுக்கும் மேல் தாள் சேர்ந்திருக்கிறது. பாதிக்குமேல் ஒத்துப்போகும். சிலதில் படத்தில் இருக்கும், அவர் எழுதியிருக்க மாட்டார், புகை தலைக்கு மேலேயே போயிருக்கும்.

இந்த பிப்ரவரியில் ஒரு தாள். சாயங்காலம் ஆறு பத்துக்குத் தைலமர இலை வாசம், மேல்காட்டுப் பக்கம் என்று எழுதி, எனக்குப் போனும் பண்ணினார். நான் இரவுப் புள்ளிகளைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. மறுநாள் பிற்பகலிலும் இல்லை. இன்சாட் படத்திலும் சுத்தமான வானம். "ஒண்ணும் காட்டல சித்தப்பா" என்றேன். "காட்டாட்டி போகுது, எரியுது பாப்பா" என்றார். தம்பியும் இரண்டு பையன்களும், தீத்தடுப்புக் காவலர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஏறிப் போனார்கள். வெட்டிப்போட்ட தைலமரத்தின் அடிக்கட்டை ஒன்று, வெளியே சாம்பல்கூடத் தெரியாமல், வேருக்குள் கனிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த சருகு. மண்வெட்டியால் தோண்டி, சுமந்துபோன தண்ணீரை ஊற்றி, ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்கினார்கள்.

அந்தத் தாளின் அடியில் சித்தப்பா இன்னொரு வரி சேர்த்திருக்கிறார்: "படத்துல இல்ல. கட்டை இருந்துச்சு." தேதி பார்த்து மற்றத் தாள்களோடு சேர்த்து நூல் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன்.